பக்கத்து சீட்டு பிரேக்

என் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் காலடியில் இன்னொன்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுகிறவர்கள், லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், எல்லாரையும் அந்த ஒரு பிரேக்கை நம்பித்தான் ரோட்டில் இறக்குகிறேன். என்னிடம் படிக்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி டீச்சர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் மறுக்கப்போவதில்லை.

வகுப்பு இல்லாத நேரத்தில் அதே காரில்தான் சொந்த வேலைக்கும் போவேன். அப்போது அண்ணனை மட்டும் முன்னால் உட்கார விடமாட்டேன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பயப்படத் தெரியும். மற்ற கார்களில் உட்கார்ந்து வெறும் தரையை மிதித்துக்கொண்டு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என் காரில் அவர் காலடியில் இருப்பது நிஜமான பிரேக். ஒருமுறை நாற்சந்தியின் நடுவில் அழுத்தி மிதித்துவிட்டார். பின்னால் வந்த வேன்காரன் எங்கள் மூன்று தலைமுறையையும் இழுத்துப் பேசிவிட்டுப் போனான். "லாரி வந்துச்சு பாப்பா" என்றார் அண்ணன். லாரி எதிர்ப் பக்கத்தில், அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பின் சீட்டுதான்.

எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பா.

அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் அவருக்கு அரை டாக்டர் என்று பெயர். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரில் வருகிறவர் தும்மி முடிப்பதற்குள் பின்பக்கம் கையை நீட்டி மாத்திரை அட்டையை எடுத்துவிடுவார். திரும்பிப் பார்க்கக்கூட வேண்டாம், எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவர் கைக்கே தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அண்ணன் உள்ளங்கையில் மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டுவார். என்ன, எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வாயைத் திறப்போம், போட்டுக்கொள்வோம், தண்ணீர் குடிப்போம். எனக்கு இது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அப்பா அம்மா போன பிறகு எனக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியபோது, அண்ணன் வேலை பார்த்த கடை முதலாளி கொடுத்த ஆண்டிபயாடிக்தான் என்னைப் பிழைக்கவைத்தது. அண்ணன் அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

போன வருடம் எனக்குப் பெருங்குடலில் புற்று என்று தெரிந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஆனால் கல்லீரலில் மூன்று புள்ளிகள் ஏற்கனவே வந்து உட்கார்ந்துவிட்டன. மருந்து பற்றிப் பேச டாக்டர் கூப்பிட்டபோது அண்ணனும் வந்தார்.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். சிரிக்க மாட்டார், ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்டியெடுத்த கட்டியின் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு, அதன் ஓரமெல்லாம் நீலப் பொட்டுகள்.

"இந்த நீலமெல்லாம் உங்க நோய் எதிர்ப்பு அணுக்கள். கட்டி இருக்குன்னு தெரிஞ்சு வந்துருக்கு. ஆனா பாருங்க, எல்லாம் ஓரத்துலயே நிக்குது. உள்ள போகல."

"வந்துட்டு ஏன் வேடிக்க பாக்குது?"

"அதுக்கெல்லாம் ஒரு பிரேக் இருக்கு. கண்டதையும் அடிச்சு நொறுக்கிடக் கூடாதுன்னு உடம்பே வெச்ச பிரேக். இந்தக் கட்டி அந்த பிரேக்க மிதிச்சு வெச்சிருக்கு."

"பக்கத்து சீட்ல உக்காந்துகிட்டா?" என்றேன். அண்ணன் நெளிந்தார்.

டாக்டருக்கு என் தொழில் தெரியும். "அப்படியே வெச்சுக்குங்க. நாங்க குடுக்கப்போற மருந்து புற்ற நேரா கொல்லாது. மிதிச்சிருக்கற கால எடுத்துவிடும். மிச்சத்த உங்க அணுக்களே பாத்துக்கணும். உங்களுக்கு வந்திருக்கற வகைக்கு இது கேக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு."

பிறகு இன்னொன்றும் சொன்னார். கட்டிக்குள் ஒரு பாக்டீரியா கிடைத்திருக்கிறதாம். வாயில், பல் ஈறில் இருக்க வேண்டியது. எப்படியோ குடலுக்கு இறங்கிக் கட்டியில் குடியேறிவிட்டதாம். "அதுவும் தன் பங்குக்கு எதிர்ப்பு அணுக்கள பிரேக் போட்டு நிறுத்தி வெக்கும். எல்லா பாக்டீரியாவும் இப்படி இல்ல. குடல்ல கோடிக்கணக்குல இருக்கு, அதுல நெறைய நமக்கு வேண்டியது. எதிர்ப்பு அணுக்கள உசுப்பிவிட்டு, எது சொந்தம் எது பகைன்னு பழக்கறதே அதுங்கதான். இந்த மருந்து வேல செய்யறதுக்கும் அதுங்க தயவு வேணும். ஆரம்பிக்கற வரைக்கும் எங்களக் கேக்காம எந்த மருந்தும் சாப்பிடாதீங்க."

கிருமி என்று காதில் விழுந்ததுமே அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். இரும்புச் சத்து, வைட்டமின் என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததையெல்லாம் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நான் போட்டுக்கொண்டேன். நடுவில் சில நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. வெட்டின குடல், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மருந்து ஏற்றுவதற்கு முன் மலப் பரிசோதனை செய்தார்கள். மறுபடி அதே அறை, அதே நாற்காலி. டாக்டர் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆண்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லயே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க குடல் கிட்டத்தட்ட காலியா இருக்கு. இருக்க வேண்டிய பாக்டீரியா பாதிக்கு மேல காணோம். இது தானா ஆகாது."

"நான் எதுக்கு டாக்டர் பொய் சொல்லப்போறேன்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றார் அண்ணன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "கட்டியில கிருமி உக்காந்திருக்குன்னு நீங்க சொன்னீங்க. நான் மருந்துக்கடைக்காரன். கிருமின்னா எனக்கு வேற என்ன தோணும்? நல்ல கம்பெனி, நல்ல டோஸ். முழு கோர்ஸ் குடுத்தேன். அதக் கொன்னுட்டா பாப்பாவுக்கு வழி கெடைக்கும்னு…"

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த ஒண்ணு போயிருக்கலாம். அதோட சேந்து வேண்டியதும் போயிடுச்சு. இப்படி இருக்கறப்ப இந்த மருந்த ஆரம்பிச்சவங்களுக்குப் பலன் கொறஞ்சிருக்கறத நெறைய எடத்துல பாத்திருக்காங்க. குடல் தானா பழைய நெலமைக்கு வர மாசக்கணக்குல ஆகும். உங்க கல்லீரல் அவ்ளோ நாள் காத்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

புற்று என்று முதலில் சொன்னபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. அப்போது போராட ஒரு வழி இருந்தது. அந்த வழியை என் சொந்த அண்ணன் என் வாயைத் திறக்கச் சொல்லியே அடைத்துவிட்டார்.

வீடு வரைக்கும் பின் சீட்டில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"பாப்பா…"

"எல்லாத்தையும் நீயேதான் மிதிப்பியா? நான் ஓட்ற வண்டியா இருந்தாலும் சரி, என் உடம்பா இருந்தாலும் சரி? இனிமே மாத்திரைய எடுத்துகிட்டு என் வீட்டுப் பக்கம் வராத."

அவர் இறங்கினார். கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் நின்றார். நானே இறங்கிப் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. காலையில் கேட் சத்தம் கேட்டால் கை தானாகத் தண்ணீர் டம்ளரைத் தேடியது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபம் இருந்தது, பயம் இருந்தது, அதோடு அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. மூன்றையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தேன். அந்த வாரம் என்னிடம் படித்தவர்கள் பாவம்.

பிறகு டாக்டர் போன் செய்தார். அவர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறதாம். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் கேப்சூலாக்கி நோயாளிக்குக் கொடுக்கிறார்களாம். காலியான குடலில் அவை குடியேறினால் மருந்துக்குத் துணை நிற்கலாம். "நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சிதான்" என்றார். கைவசம் இருந்த கேப்சூல் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கொடையாளர் கிடைக்க நாளாகும், வீட்டில் யாராவது தேறினால் சீக்கிரம் ஆரம்பிக்கலாம். முக்கியமான நிபந்தனை, அந்த ஆள் சமீபத்தில் ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருக்கக் கூடாது.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஓர் ஆளா?

என் மகள்தான் என்னை இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணன் என்னைப் பார்க்காமல் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

மகளுக்குப் போன மாதம் பல் பிடுங்கியிருந்தது, மாமா கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தாள். அண்ணன் மகன்களில் பெரியவனுக்குத் தொண்டை வலி, மாத்திரை. சின்னவனுக்குக் காலில் சிராய்ப்பு, அதற்கும் மாத்திரை. அண்ணனைக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொருவராக உதட்டைப் பிதுக்கினார்கள். சுற்றி இருக்கிற முகங்களைப் பார்க்கப் பார்க்க அண்ணனின் தலை இன்னும் குனிந்தது.

அண்ணி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவர். வேலை விட்டு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அதிர்ந்து பேசாதவர். நாங்கள் இரைச்சல் போடும்போது அவர் வீட்டில் இருக்கிறார் என்பதே மறந்துபோகும்.

"நான் குடுக்கலாமா?" என்றார்.

"நீ எப்படிக் குடுப்ப?" என்றார் அண்ணன். "அந்தக் காப்பகத்துப் பசங்ககிட்டருந்து மாசாமாசம் ஜுரத்த வாங்கிட்டு வர்ற. போன மாசம்கூட நான்தானே உனக்கு அஞ்சு நாள் மாத்திரை குடுத்தேன்."

"குடுத்தீங்க."

"அப்புறம்?"

"நான் முழுங்கல."

மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது.

"அந்தத் தடவையா?" என்றார் அண்ணன்.

"எந்தத் தடவையும். சின்னவன் பொறந்ததுலேர்ந்து." அண்ணி கைப்பையின் வாரைத் திருகினார். "முன்னாடி முழுங்கிட்டுதான் இருந்தேன். வயிறு எரியுதுன்னு சொன்னேன். அதுக்கும் ஒரு மாத்திரை குடுத்தீங்க. அதுல தல சுத்துதுன்னு சொன்னேன். அதுக்கும் குடுத்தீங்க. அதுக்கப்புறம் நான் சொல்றத நிறுத்திட்டேன். நாக்குக்கு அடியில வெச்சுகிட்டு, தண்ணியக் குடிச்சிட்டு, அந்தப் பக்கம் போய்த் துப்பிடுவேன்."

சின்னவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அப்ப உனக்கு ஜுரமெல்லாம் எப்படிப் போச்சு?"

"தானாத்தான்."

"நான் குடுத்ததாலதான் நீ நல்லாருக்கன்னு நெனச்சிட்டிருந்தேன்." அண்ணன் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. மேசை விரிப்பிடம் சொன்னார்.

"ஆசையா குடுக்கறீங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்…" அண்ணி கைப்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீ குடுக்கறது எனக்கு ஒத்துக்கலன்னு நான் ஒரு வார்த்த தைரியமா சொல்லியிருந்தா, பாப்பாவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பீங்க இல்ல?"

இத்தனை வருடத்தில் அண்ணி அண்ணனை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுந்து போய்ச் சமையலறை அலமாரியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்துவந்தார். மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை நான் வேண்டுமென்றே பிடித்துவைத்துக்கொண்டேன்.

அண்ணிக்கு ரத்தம், மலம் என்று எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். மூடி போட்ட வெள்ளை டப்பாவைத் துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு என் காரில் ஏறியபோது அவருக்குக் கூச்சத்தில் உயிரே போயிற்று.

"அண்ணி, இவ்ளோ வருஷமா என்மேல இருக்கற கோவத்தையெல்லாம் இதுல காட்டிடாதீங்க" என்றேன்.

"அதெல்லாம் நான் வயித்துல வெச்சுக்கறதில்ல" என்றார் அண்ணி. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். சிக்னலில் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை.

பரிசோதனை முடிவு வந்த அன்று சிரிக்காத டாக்டர் கொஞ்சம் சிரித்தார். "இவங்க வயித்துல ஒரு ஊரே குடியிருக்கு" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "ஆண்டிபயாடிக் கெட்டது இல்லங்க. வேண்டியப்போ அதுதான் உயிரக் காப்பாத்தும். வேண்டாதப்போ குடுக்காம இருக்கணும், அவ்ளோதான்" என்றார். அண்ணன் பள்ளிக்கூடப் பையன்போல் தலையாட்டினார்.

கேப்சூல் தயாரான நாளில் அறையில் நானும் நர்சும் இருந்தோம். அண்ணன் வெளியே தாழ்வாரத்தில் நின்றார். தட்டில் இருந்தவற்றை முதல்முறையாக ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பார்க்காமலே விழுங்கினவள் நான். இவை என் அண்ணன் கொண்டுவராதவை. அவர் மனைவி துப்பியதால் பிழைத்தவை.

"வெளிய ஒருத்தர் நிக்கறாரே, அவரக் கூப்பிடுங்க" என்று நர்சிடம் சொன்னேன்.

அண்ணன் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளங்கைகள் காலியாக இருந்தன.

"நீ தண்ணியப் பிடிச்சுக்க" என்றேன்.

இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கேப்சூலுக்கும் நான் கையை நீட்ட, அவர் கொடுத்தார், வாங்கினார், மறுபடி கொடுத்தார். டம்ளர் சாய்ந்து பாதித் தண்ணீர் என் புடவையில் கொட்டியது. நான் திட்டவில்லை.

பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணன் வந்தார், வெறும் கையோடு வந்தார். நல்ல நாளும் இருந்தது, எழுந்திருக்க முடியாத நாளும் இருந்தது. கடையில் அவர் இப்போது சளி பிடித்து வருகிறவர்களிடம், "மூணு நாள் பாருங்க, போகலன்னா டாக்டர்கிட்ட போங்க" என்கிறாராம். அரை டாக்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவில் பேச்சு.

நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. மூன்று புள்ளிகளில் ஒன்று இல்லை. ஒன்று பாதியாகியிருக்கிறது. ஒன்று அப்படியே இருக்கிறது. பாதியானதிலிருந்து ஊசியால் துளி எடுத்திருந்தார்கள். டாக்டர் அந்தப் படத்தைக் காட்டினார். நீலப் பொட்டுகள் ஓரத்தில் நிற்கவில்லை. ரோஸ் திட்டுக்குள் அங்கங்கே புகுந்திருந்தன.

"மருந்தாலயா, அண்ணியாலயா?" என்றேன்.

"பிரிச்சுச் சொல்ல முடியாது. வண்டி கெளம்பிடுச்சு. எதுவரைக்கும் போகும்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வெளியே வந்தோம். நான் ஓட்டுநர் பக்கம் ஏறினேன். அண்ணன் வழக்கம்போல் பின் கதவைத் திறந்தார்.

"முன்னால வா" என்றேன்.

"வேணாம் பாப்பா. நான் மிதிச்சிடுவேன்."

"வான்னா வா."

முன் கதவைத் திறந்து, காலடியில் இருந்த பிரேக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டு ஏறி, இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். நாற்சந்தியில் ஒரு லாரி எதிரே வந்தது. அவர் கை முழங்காலை இறுக்கிப் பிடித்தது, விரல் முட்டியெல்லாம் வெளுத்தது. கால் கீழே இறங்கவில்லை.

"நீ ஓட்டு பாப்பா" என்றார்.